சந்தனம் வைத்த துப்பாக்கி

அந்த ஆயுத பூஜை அன்று, டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்கிற ஊரில், எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, எங்கள் பதிமூன்று வயது மகள், என் திருநெல்வேலி நண்பன், அவனுடைய மனைவி. வேறு யாரையும் கூப்பிடவில்லை. வருடா வருடம் சுண்டலுக்கு வரும் இரண்டு குடும்பங்களுக்கும் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம். ஏனென்றால் சாமி படங்களுக்கு முன்னால் அந்த வருடம் ஒரு துப்பாக்கி இருந்தது.

முழுத் துப்பாக்கி இல்லை, துண்டுகள்தான். ஒரு பழைய பெட்ஷீட்டை மடித்து விரித்து, ஒரு பக்கம் என் மனைவியின் லேப்டாப், மகளின் கிளாரினெட், கார்ச் சாவிகள், மளிகைக் கிடங்கில் நான் அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தி. மறுபக்கம் குழல், தோள்கட்டை, முக்கோண வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை, கைப்பிடி, இரும்புச் சில்லறைகள். ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு, ஒன்று வெயிலில் காட்டினால் கத்தரிப்பூ நிறம். எல்லாம் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, மொத்தத்துக்கும் சேத்து ஒண்ணு வச்சாப் போதாதா?" என்றான் நண்பன்.

"ஒரே கம்பெனி சாமானா அண்ணே இது? ஒண்ணு ஒகையோவுல இருந்து வந்துருக்கு, ஒண்ணு அரிசோனாவுல இருந்து வந்துருக்கு. ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காட்டி நாளைக்கு ஒண்ணோட ஒண்ணு சேராது."

"அப்ப அந்த இரும்புத் துண்டு ஓட்டைக்குள்ளயும் வச்சிருங்க. அதுவும் கோவிச்சுரப் போவுது."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். அவள் உள்ளேயும் வைத்தாள்.

அவன் மனைவி சோபாவில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாமான்கள் அவர்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டவள். அதனால்தான் எல்லாம் எங்கள் கராஜில் சேர்ந்தது. என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இட்ஸ் நாட் ஈவன் எ கன் யெட், ஆன்ட்டி" என்று அவளுக்குச் சமாதானம் சொன்னாள்.

எனக்கு அன்று வேறு கவலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பனும் அவன் மனைவியும் நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்குக் குடிபோகிறார்கள். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. அதற்குள் இதைப் பூட்டி முடித்து, அந்த ஒரு நாளில் நானும் அவனும் சேர்ந்து சுட்டுப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு முடியாது. நியூ ஜெர்சியில் இந்த மாதிரித் துப்பாக்கிக்குச் சட்டம் வேறு, அங்கே கொண்டுபோக நினைக்கவே கூடாது என்று அவனே படித்துச் சொல்லியிருந்தான்.

*

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். மதுரையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்ட்டரில் நின்றேன். மாமன் மகள் இஞ்சினியரிங் படித்தாள். அவளையே எனக்குக் கட்டிவைத்தார்கள். அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு டெக்சாஸ் வந்தேன். வந்த நாளிலிருந்து எனக்குப் பயம்தான். போலீஸ் கார் பின்னால் வந்தால் பயம், தபாலில் தடித்த கவர் வந்தால் பயம், மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் பயம். எல்லாவற்றையும்விட இந்த ஊர்ப் பிறந்தநாள் விருந்துகளைக் கண்டால்தான் அதிகப் பயம். பேப்பர் தட்டோடு பக்கத்தில் வந்து நிற்கிறவன் முதலில் கேட்பது, "நீங்க எந்த கம்பெனி?"

அப்படி ஒரு விருந்தில், ஒரு பூங்காவில், யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கு முன்பின் தெரியாத ஒருவன் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே பதில் சொன்னான்.

"சார் அரிசி கம்பெனி. ரவுண்ட் ராக்குல நீரு, நான் எல்லாரும் திங்குத பொன்னி சார் கை பட்டுதான் வருது. ஒம்ம கம்பெனி ஒரு மாசம் மூடுனா ஒண்ணும் ஆவாது. சார் கம்பெனி மூடுனா?"

கிடங்கில் மூட்டை இறக்கும்போது என்னைப் பார்த்திருக்கிறான். கேட்டவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். இவன் ஒரு சோடாவை என் கையில் திணித்துவிட்டு, "என்ன வே, வேர்த்துருக்கு?" என்றான். இந்த ஊரில் என் மனைவி வழியாக வராமல் எனக்கென்று கிடைத்த ஒரே ஆள் அவன்.

ஒருநாள் அவன்தான் என்னைத் துப்பாக்கிச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒரு பெரிய கொட்டகையில் நம்மூர்ப் பொருட்காட்சி மாதிரி மேசை மேசையாகப் போட்டு விற்கிறார்கள். நடுவிலே சோளப்பொரிகூட உண்டு. அங்கே ஒரு மேசையில் பழைய மாதிரி ஒன்று கிடந்தது. வியட்நாம் சண்டைப் படங்களில் சிப்பாய்கள் தோளில் தொங்குமே, அந்தச் சாயல். மேலே சூட்கேஸ் போலத் தூக்க ஒரு பிடி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்த குண்டைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் செமி ஆட்டோமேட்டிக் என்கிறார்கள். நண்பன் அதைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"என்.சி.சி.ல எங்க கையில குடுத்தது வெறும் கட்டை வே. துப்பாக்கி மாதிரி இழைச்ச கட்டை. ஒரு வருசம் கட்டையத் தூக்கிட்டே மார்ச் பண்ணுனேன். ஃபயரிங் கேம்புக்குப் போற அன்னைக்கு மஞ்சக்காமால."

நான் என்.சி.சி. வரைக்கும்கூடப் போகவில்லை.

விலையைக் கேட்டதும் இரண்டு பேரும் இரண்டடி பின்னால் வந்துவிட்டோம். விற்கிறவர் சிரித்தார். இதே மாதிரி வேண்டுமென்றால் தனித்தனியாகப் பாகங்களை வாங்கி நீங்களே பூட்டிக்கொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அவன் என்னைப் பார்த்தான். "ஒமக்குதான் ஸ்பேர் பார்ட்ஸ் தெரியுமே!"

"எனக்கு டி.வி.எஸ். ஐம்பதுக்குத்தான் தெரியும் மாப்ள."

"அதே சோலிதான் வே."

சட்டப்படி துப்பாக்கி என்று சொல்லப்படுவது ஒரே ஒரு பாகம்தான். விசை பொருந்துகிற, நம்பர் அடித்திருக்கும் நடுக்கூட்டை மட்டும் லைசென்ஸ் உள்ள கடையில் ஃபாரம் எழுதி, அவர்கள் விசாரித்து முடித்த பிறகு வாங்க வேண்டும். அதை என் காசில், என் பேரில், எனக்காக நான் வாங்கினேன். கிரீன் கார்டு வந்து நாளாகியிருந்தது, இருந்தாலும் கடைக்காரர் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது பழைய விசாக் காகிதங்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஃபாரத்தில் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்தேன். நண்பன் உதவி செய்யக் கூடாது என்று வெளியே கார் மேல் சாய்ந்து நின்றான். வெளியே வந்ததும், "பாஸா ஃபெயிலா?" என்றான். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு நான் பாஸான பரீட்சை அது ஒன்றுதான்.

மற்ற பாகங்களை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அவையெல்லாம் அவன் காசு. குழல், தோள்கட்டை, அந்த முக்கோண உறை என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி, ரசீதை எனக்குப் போனில் அனுப்புவான். முடித்த பிறகு அவன் போட்ட பணத்தை நான் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. துப்பாக்கி என்னுடையது, வருகிற சனிக்கிழமையெல்லாம் எங்கள் இரண்டு பேருடையது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் வீட்டில் கேட்டபோது என் மனைவி போட்டது ஒரே நிபந்தனை. இரும்புப் பெட்டி வாங்க வேண்டும், சாவி அவளிடம் இருக்கும்.

"உன்கிட்ட இருந்தா நான் எப்படி எடுக்குறது?"

"என்கிட்ட கேட்டு எடுங்க மாமா. பேய்ப்படம் பாத்தா லைட்டப் போட்டுட்டுத் தூங்குற ஆளு நீங்க."

*

இரண்டு மாதத்தில் முடியும் என்று நினைத்தது ஏழெட்டு மாதம் இழுத்தது. வந்த குழல் ஒன்று நாங்கள் கேட்ட நீளம் இல்லை. திருப்பி அனுப்பினோம். உறையின் ஒரு பாதி வந்தது, மறுபாதி வரவில்லை. தோள்கட்டையில் முன்னாள் சொந்தக்காரர் யாரோ கத்தியால் இரண்டு எழுத்துச் செதுக்கியிருந்தார். அதைத் தேய்த்து எடுக்கலாம் என்றேன். "இருக்கட்டும் வே, யாரு பெத்த பிள்ளையோ" என்றான் அவன். சனிக்கிழமை காலையில் வருவான். கராஜ் கதவைப் பாதி இறக்கி வைப்போம். முழுக்க இறக்கினால் சந்தேகப்படுவார்கள், முழுக்கத் திறந்தால் பார்த்துவிடுவார்கள் என்று நான் கண்டுபிடித்த அளவு அது. எதிர்வீட்டு டெக்சாஸ்காரர் ஒருநாள் குனிந்து உள்ளே பார்த்து, "நல்லா இருக்கே, என்ன மாடல்?" என்று கேட்டுவிட்டுப் புல் வெட்டப் போய்விட்டார். அவரிடம் எட்டு இருக்கிறதாம். அதற்குப் பிறகும் நான் கதவைப் பாதியில்தான் நிறுத்தினேன்.

வேலை என்று பார்த்தால் கொஞ்சம்தான். டீ குடிப்போம். அவன் யூடியூப் பார்த்துச் சொல்வான். நான் அதெல்லாம் ஆகாது என்பேன். ஆகும். மதியம் என் மனைவி சாப்பிடக் கூப்பிடும்போது, "மைனி, ரசம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கையைக் கழுவுவான்.

கோடையில் அவன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். இவன் டீமில் பாதிப் பேர் போனார்கள், அந்தப் பாதியில் இவனும் இருந்தான். பக்கத்தில் ஆஸ்டினிலேயே வேறு வேலை கிடைத்துவிடும் என்று முதல் மாதம் சொன்னான். இரண்டாம் மாதம் சொல்லவில்லை. சனிக்கிழமை வருவான், பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவில் கேட்ட கேள்விகளைச் சொல்வான். அவனைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள் கேட்ட கேள்விகள். நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை இருக்கிறது என்று சொன்ன அன்று உறையின் மறுபாதி இன்னும் வரவில்லை. விற்பனையாளர் மறுபடியும் தாமதம் என்று மெயில் அனுப்பியிருந்தார். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே நெஞ்சு படபடக்கிற எனக்கு அந்த மெயிலைப் பார்த்து அப்படி ஒரு நிம்மதி. துப்பாக்கி முடியாதவரை அவன் போக மாட்டான் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது.

உறை வந்தது. வேலையும் வந்தது. இரண்டும் ஒரே வாரம்.

அதனால்தான் ஆயுத பூஜைக்குத் துண்டுகளாக வைத்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். விஜயதசமி அன்று வேலை முடிந்து வந்து துணியால் பொட்டையெல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, பூட்டினோம். கடைசி முளையைத் தட்டி ஏற்றியதும் அவன் அதைத் தூக்கித் தோளில் வைக்கவில்லை. பிடியில் பிடித்து, சூட்கேஸ் மாதிரி தூக்கிக்கொண்டு கராஜுக்குள் நாலு அடி நடந்தான்.

"எப்படி இருக்கேன்?"

"ஊருக்குப் போறவன் மாதிரி இருக்க" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். இரண்டு பேரும் ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தோம்.

*

சனிக்கிழமை காலை சுடுகளத்துக்குப் போனோம். ஊருக்கு வெளியே, மண்மேடு அடித்து வைத்த திறந்தவெளி. வழியெல்லாம் நான் வேகக் கட்டுப்பாட்டுக்குக் கீழேயே ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இருபது குண்டு உள்ள பெட்டி ஒன்று வாங்கியிருந்தோம். முதல் நாளைக்கு அது போதும், அதற்கு மேல் காதுக்கு ஆகாது என்று சொன்னது நான்தான்.

முதல் குண்டை அவன் சுட்டான். சத்தம் வந்தது, மண்மேட்டில் புழுதி பறந்தது. என் உயிர் போய்த் திரும்பி வந்தது. அவன் சிரித்துக்கொண்டே மறுபடி விசையை இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. சுட்ட குண்டின் கூடு பாதி வெளியே பாதி உள்ளே மாட்டிக்கொண்டு நின்றது.

களத்தைப் பார்த்துக்கொள்கிறவர், பெரிய மீசைக்காரர், வந்து எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வாங்கிப் பார்த்தார். முதலில் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது. பிறகு உள்ளே முன்னும் பின்னும் ஓட வேண்டிய இரும்பைக் கழற்றி, சுண்டுவிரலை விட்டுச் சுரண்டினார். மஞ்சளாக, பிசின் மாதிரி வந்தது. மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார்.

இதற்கு என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று கேட்டார்.

நண்பன் என்னைப் பார்த்தான். நான் பூமியைப் பார்த்தேன். அவன் தன் ஆபீஸ் இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தான். எங்களுக்கு வருடத்தில் ஒருநாள் கருவிகளுக்கெல்லாம் நன்றி சொல்கிற நாள், அன்று சந்தன மரத்தை அரைத்த பசையைப் பூசுவோம், அது மரியாதை என்றான். மீசைக்காரர் பொறுமையாகக் கேட்டார். உள்ளேயுமா பூசுவீர்கள் என்றார்.

"யெஸ் சார். ஹிஸ் வைஃப் இஸ் வெரி தரோ. நோ கார்னர் மிஸ்ஸிங்" என்றான் இவன்.

அவர் ஒரு கந்தலால் முடிந்தவரை துடைத்துக் கொடுத்தார். வீட்டில் போய்க் கழற்றி நன்றாகக் கழுவினால்தான் சரியாக ஓடும், அதுவரை தானாக அடுத்த குண்டை இழுக்காது; வேண்டுமானால் ஒவ்வொரு குண்டாகக் கையால் போட்டு, கையால் இழுத்துச் சுடுங்கள், ஆபத்து இல்லை, நான் பக்கத்தில்தான் நிற்பேன் என்றார்.

நண்பனின் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கூரு அல்வாவ உள்ள கிண்டி வச்ச மாதிரி இருக்கு வே. எல்லாவனும் செமி ஆட்டோமேட்டிக் செய்வான். நாமதான் மேனுவல் செஞ்சிருக்கோம்."

"நான் அப்பவே சொன்னேன், உள்ள வைக்கச் சொல்லாதன்னு."

"நீரு எங்க வே சொன்னீரு? நீரு காய்ச்சல்காரன் மாதிரி நடிச்சுட்டு ஓரமா நின்னீரு."

அதனால் அந்தப் பெட்டி நாங்கள் நினைத்த மாதிரி பத்து நிமிடத்தில் தீரவில்லை. ஒன்று போடுவோம். சுடுவோம். பெஞ்சில் உட்கார்ந்து, மாட்டிக்கொண்ட கூட்டை எடுப்போம். அடுத்தது யார் முறை என்று சண்டை போடுவோம். பக்கத்து மேசைக்காரர் டப்டப்பென்று அடித்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டார். எங்கள் காதடைப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நடுவில் அவ்வளவு பேச்சு.

"அங்க குளிருமாமே" என்றேன்.

"பனிய அள்ளிப் போட மெஷின் இருக்காம். அதையும் பார்ட்ஸ் வாங்கிப் பூட்டிருவோமா?"

"சந்தனம் வைக்காமப் பூட்டு."

அவன் ஒரு குண்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "வே, ஒண்ணு சொல்லட்டா? எனக்கு இந்த வேலைக்குப் போகவே பயமா இருக்கு. ஆறு மாசக் கான்ட்ராக்ட். அங்க உள்ள மேனேஜருக்கு என் மவன் வயசு இருக்கும், எனக்கு மவன் இருந்திருந்தா."

பயப்படுகிற உத்தியோகம் முழுக்க என்னுடையது என்று அதுவரை நினைத்திருந்தேன். போகாதே என்று வாய் வரை வந்தது. இங்கே இருந்து என்ன செய்வான்? கிடங்கில் என்னோடு மூட்டை தூக்குவானா? தூக்குவான் என்றுகூடத் தோன்றியது. அதைச் சொல்லக் கூடாது என்றும் தோன்றியது.

"உன் முறை" என்றேன்.

"இல்ல, ஒம்ம முறை."

"போன தடவ நான்தான்."

"சும்மா போடும் வே, கணக்குப் பாக்காதேயும்."

போட்டேன். அட்டையில் எங்கேயும் படவில்லை. அவன் கைதட்டினான்.

மறுநாள் காலை ஏர்போர்ட்டில் விட்டு வந்தேன். அவன் மனைவி முதல் தடவையாக என்னிடம் துப்பாக்கியைப் பற்றிப் பேசினாள். "அண்ணே, அதப் பூட்டியே வைங்க" என்றாள். அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான், ஒரு தடவை திரும்பினான். யாரையோ தேடுகிற மாதிரி கூட்டத்தைப் பார்த்தான், என்னை அவன் கண் பிடிக்கவில்லை. நான் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றேன்.

*

சந்தனத்தைக் கழுவியது வீடியோ காலில். அவன் ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்டில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கராஜில். "அந்தப் பக்கம் பிரஷ்ஷ விடும், அந்தப் பக்கம்" என்று அவன் கத்த, படம் நின்று நின்று வந்தது. பின்னால் அவன் மனைவி, "இன்னுமா அந்தக் கருமத்தப் பத்திப் பேச்சு?" என்றாள்.

இப்போது அது நன்றாக ஓடுகிறது. ஒருநாள் தனியாகக் கொண்டுபோய்ச் சுட்டேன். மீசைக்காரர் என்னை ஞாபகம் வைத்திருந்தார், உங்கள் நண்பர் எங்கே என்றார். ஜெர்சி என்றேன். தலையாட்டினார். இழுக்க இழுக்கப் போயிற்று, ஒரு தடங்கலும் இல்லை. உட்கார்ந்த சூடு பெஞ்சில் ஏறுவதற்குள் பெட்டி காலி. காதடைப்பைக் கழற்றினேன். பேச யாரும் இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு என் மனைவியிடம் நான் சாவி கேட்கவில்லை.

அவனுடைய ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. இன்னும் நீட்டுவார்களாம். வாரம் இரண்டு தடவை பேசினவன் மாதம் ஒருதடவை பேசுகிறான். அவன் மேல் குற்றம் இல்லை. ரயில், ஆபீஸ், பனி. நானும் போனைக் கையில் எடுத்து, தூங்கியிருப்பானோ என்று யோசித்து வைத்துவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் இன்னும் கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு உட்கார்கிறேன். ஒரு வேலையும் இல்லை. டீ மட்டும்.

போன வாரம் பேசியபோது, கணக்கை முடித்துவிடலாமா என்று நானாகக் கேட்டேன். ரசீதெல்லாம் போனில் இருக்கிறது, கூட்டி வைத்திருக்கிறேன் என்றேன்.

"அனுப்பாதேயும் வே" என்றான். "அங்க வரும்போது கையில வாங்கிக்கிடுதேன்."

"எப்ப வர?"

"வருவேன்."

என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "அவரு மரியாதைக்குச் சொல்றாரு மாமா. கான்ட்ராக்ட்ல இருக்குற மனுசன், கையில காசு இருந்தா உதவும். குடுங்க, நான் இப்பவே போன்ல அனுப்பி விடுறேன். ஒரு நிமிசம். உங்களுக்கும் மனசு லேசாயிரும்" என்றாள்.

"லேசாயிரும். அதான் வேண்டாங்குறேன்."

அவள் தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பணம் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், வந்தால் கையில் கொடுப்பதற்கு. அறுநூற்று நாற்பத்திரண்டு டாலர் பாக்கி.